தலைமன்னார்த் துறையும் பலாலித் தளமும்: வடபுலத்தின் இரு வாயில்கள்

மன்னாரிலே பன்னாட்டு விமான நிலையம் எதுவும் இல்லை. இலங்கையின் வட மாகாணத்துக்குரிய பன்னாட்டு விமான நிலையம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, பலாலியில் அமைந்துள்ளது. ஆயினும் வானூர்தி என்பது மக்கள் பயணத்துக்கு உரியதாவதற்கு முன்னரே, பயணச்சீட்டு, சுங்கம், சுகாதாரப் பரிசோதனை, குடிவரவுப் பதிவு ஆகிய யாவும் ஒருங்கமைந்த பன்னாட்டு வாயில் ஒன்று வடபுலத்தில் இருந்தது. மன்னார்த் தீவின் வடமேற்கு முனையிலுள்ள தலைமன்னார் இறங்குதுறையே அது. 1914ஆம் ஆண்டு தொடக்கம் 1984ஆம் ஆண்டு வரை எழுபது ஆண்டுகள் அவ்வாயில் திறந்திருந்தது. பலாலி விமானத்தளத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரிலிருந்து தொடங்குவர். தலைமன்னாரையும் உடன்வைத்து நோக்கினாலன்றி அவ்வரலாறு முழுமை பெறாது என்பதே எமது கருத்தாகும். இவ்விரு வாயில்களும் ஒரே நீரிணையைக் கடப்பதற்கே அமைந்தன. ஆனால் எவரைக் கடத்துவதற்கு எந்த வாயில் அமைக்கப்பட்டது, எவரைத் தடுப்பதற்கு எது மூடப்பட்டது என்று வினவும்போது இரண்டும் வெவ்வேறு கதைகளைக் கூறுகின்றன.

மன்னார்க் கரையின் தொன்மை பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாதோட்டம் எனவும் மாந்தை எனவும் வழங்கிய பெருந்துறை, தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலே அமைந்திருந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அதன் அருகே உள்ளது. 1980களின் தொடக்கத்திலே ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடைபெற்ற அகழாய்வுகள் சீன மட்பாண்டங்களையும் மேற்காசிய மட்பாண்டங்களையும் அங்கு வெளிக்கொணர்ந்தன. கிழக்கிலிருந்து வந்த சரக்கும் மேற்கிலிருந்து வந்த சரக்கும் கைமாறும் இடமாக மாந்தை இருந்தமைக்கு அவை சான்றாகும். ஏறத்தாழப் பதினோராம் நூற்றாண்டளவிலே அத்துறை ஒளி மங்கிற்று. 1560இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக மன்னாரைக் கைப்பற்றியோர் இக்கரையை முத்துக்குளிப்பின் பொருட்டே பெரிதும் மதித்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே மன்னாருக்கு வேறொரு பயன் கிடைத்தது. கண்டி மலைநாட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கை விரிவடைந்தபோது, அதற்கான தொழிலாளர் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து கொணரப்பட்டனர். இராமேசுவரம் முதலிய கரைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், கங்காணியின் பின்னால், வன்னிக் காட்டினூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தனர். நூறு மைலுக்கும் மேற்பட்ட அந்த நெடுவழியிலே தண்ணீர் அரிது. மலேரியாவும் வாந்திபேதியும் மிகுதி. வழியிலே மாண்டோர் வழியிலேயே விடப்பட்டனர். கோப்பிக்கு வேண்டியது பருவகாலத் தொழிலாளரே. ஆதலின் அறுவடை முடிந்தபின் அவர்களிற் பலர் அதே வழியே திரும்பி நடந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் நிலையான தொழிலாளர் வேண்டியிருந்தனர். இனி வருவோர் தங்குவதற்காகவே வருவோராயினர். அக்காலத்திலே கொள்ளைநோய் அச்சத்தின் பேரில் மன்னார் வழி அடைக்கப்பட்டு, தொழிலாளர் வருகை தூத்துக்குடி - கொழும்பு வழியாகத் திருப்பப்பட்டது. மன்னார்க் கரையின் வாயில் அரசொன்றின் ஆணையால் மூடப்பட்ட சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கடலும் மணற்றிட்டுகளும் அன்றும் இன்றும் இருந்த இடத்திலேயே உள்ளன.

இந்தியப் பெருநிலத்தையும் இலங்கையையும் இருப்புப் பாதையால் இணைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்ததாகும். திருவணை எனவும் ஆதாம் பாலம் எனவும் வழங்கும் மணற்றிட்டுத் தொடரின்மேல் பாலமமைத்து, சென்னையிலிருந்து கொழும்புக்கு நேரே புகைவண்டி ஓட்டலாம் எனப் பொறியியலாளர் சிலர் கருதினர். அது கைகூடவில்லை. மாறாக இருகரையிலும் இருப்புப் பாதையும் இடையிலே கப்பலும் என்னும் ஏற்பாடு நிறைவேறியது. 1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 145 தூண்களின்மேல் அமைந்த அப்பாலத்தின் நடுவே, கப்பல் செல்லும்போது இருபுறமும் உயரும் செர்சர் தூக்குப் பகுதியும் இருந்தது. இக்கரையிலே, வடபகுதி இருப்புப் பாதையின் மதவாச்சிச் சந்தியிலிருந்து மேற்கே கிளைத்து, மடு வழியாகச் சென்று, கடனீரேரியைக் கடந்து தீவின் முனையை அடையும் பாதை அதே ஆண்டிலே திறக்கப்பட்டது. மதவாச்சி முதல் தலைமன்னார் வரை 106 கிலோமீற்றர். எதிரே தனுஷ்கோடி வரை கடல் ஏறத்தாழ 22 மைல்.

தென்னிந்தியப் புகைவண்டிப் பகுதியினர் தனுஷ்கோடிக்கு அமைத்தது மீற்றர் அகலப் பாதை. இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதியினரதோ ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை. ஆகவே பாலமே அமைந்திருந்தாலும் சென்னையில் ஏறியவர் அதே பெட்டியில் கொழும்பை அடைந்திருத்தல் இயலாது. நீரிணையின் நடுவே எங்கேனும் வண்டி மாறியே ஆகவேண்டும். கப்பல் அந்த மாற்றத்தை இயல்பானதாக்கிற்று. எழும்பூரில் எடுத்த பயணச்சீட்டு கொழும்புக் கோட்டை வரை செல்லுபடியாகும். புகைவண்டி, கப்பல், மீண்டும் புகையிரதம் என்னும் மூன்றையும் ஒரே சீட்டில் அடக்கிய இவ்வேற்பாட்டை மக்கள் 'போட் மெயில்' என்றனர். இன்றைய விமானப் பயணி ஒரு சீட்டில் இரு விமானம் மாறிச் செல்வதற்கு ஒப்பான வசதி அன்று மூன்றாம் வகுப்புப் பயணிக்கும் கிடைத்தது.

தொடக்கத்திலே ஓடிய கப்பல்கள் மூன்று: கர்சன், எல்ஜின், ஹார்டிங். இந்தியாவின் அரசப் பிரதிநிதிகள் மூவரின் பெயர்கள் அவை. பின்னர் கோஷன், இர்வின் என்பன சேர்ந்தன. தேசாதிபதிகளும் துரைமாரும் வணிகரும் யாத்திரிகரும் இக்கப்பல்களில் ஏறினர் என்பது உண்மையே. எனினும் கப்பலை நிரப்பியோர் மேற்றளத்துப் பயணிகள். தோட்டத்துரைமாரின் ஆள்தேவையே இவ்வழியைத் தாங்கி நின்ற தூண் எனலாம். கரைக்கு அக்கரையிலேயே, மண்டபத்தில், இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. தோட்டங்களுக்குச் செல்வோர் அங்கே சில நாள் தடுத்து வைக்கப்பட்டு, நோய்த்தடுப்பும் பதிவும் முடிந்தபின்னரே கப்பலேற்றப்பட்டனர். இந்திய மண்ணிலே இலங்கையின் குடிவரவு எல்லை அமைந்திருந்தது என்பது வியப்புக்குரியது. இக்காலத்து வல்லரசுகள் சில பிறநாட்டு விமான நிலையங்களிலேயே தம் குடிவரவுச் சோதனையை நடத்துவதைப் புதுமையென எண்ணுவோர் மண்டபத்தை நினைத்தல் தகும்.

தோட்டத்தின் பெயரும் எண்ணும் பொறித்த தகரத் துண்டை அணிந்துகொண்டு மக்கள் பயணம் செய்ததும் இவ்வழியின் வரலாறே. அத்துண்டு இருந்தால் வழியிலே தட்டுக்கெட்டுப் போக வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பது எவருக்கும் தெரியும். பொதிக்கு ஒட்டும் சீட்டுக்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. அத்துண்டை வழங்கிய ஆட்சியே பிற்காலத்தில் அம்மக்களின் வருகைக்கு ஆதாரம் கேட்டது. அதனைக் கீழே காண்போம்.

இனி வான்வழியை நோக்குவோம். 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் இரத்மலானையிலே முதல் வானூர்தி இறங்கியது. 1938இல் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் கொழும்பு வரை நீட்டப்பட்டது. தலைமன்னாரின் கையிலிருந்து முதலிலே நழுவியது அவசரக் கடிதமே என்பது இதனாற் புலனாகும். பயணி நழுவுவதற்கு ஒரு பெரும்போர் வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையினர் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டநிலங்களிலே, காங்கேசன்துறைக்கு அண்மையில், ஓடுபாதை ஒன்றை அமைத்தனர். வங்காள விரிகுடாவைக் காவல் செய்வதற்காக அமைந்த அத்தளம் போரின்பின் குடிசார் பயனுக்கு வந்தது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நிகழ்ந்தது. டக்கோட்டா வகையைச் சேர்ந்த அவ்வானூர்தியின் பெயர் சீதாதேவி. சேதுவின்மேல் பறக்கும் வானூர்திக்குச் சீதையின் பெயரை இட்டவரின் இரசனையைப் பாராட்டலாம். இலங்கையின் தேசிய விமான சேவை தன் முதற் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சென்றது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு டக்கோட்டாவில் இருபது, முப்பது பேரே பயணம் செய்யலாம். ஒரு கப்பலோ நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும். ஆகவே பலாலி தலைமன்னாரை வென்றது என்று கூறுதல் பிழை. இரண்டும் நீண்டகாலம் அருகருகே இயங்கின. நேர்ந்தது வென்றுதோற்றல் அன்று, பிரிந்து வாழ்தல். வழக்கறிஞர், வைத்தியர், வணிகர், கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவர் ஆகியோருள் வசதியுடையோர் வானில் ஏறினர். ஏனையோருக்குக் கப்பலே கதி. முன்னர் ஒரே கப்பலின் மேற்றளத்திலும் முதல் வகுப்பிலுமாகப் பிரிந்திருந்த சமூகம், இப்போது இரு வேறு ஊர்களில் உள்ள இரு வேறு வாயில்களாகப் பிரிந்தது. ஒரு கப்பலிலே மேலும் கீழுமாக இருந்தோர் புயலடித்தால் ஒருசேர அஞ்சுவர். வேறு வேறு வாயில்களில் நிற்போர் ஒருவர் நிலையை மற்றவர் காணார்.

இதற்கிடையே சட்டம் மாறியது. 1939இல் இந்திய அரசு தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டமும், 1949இன் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடக் குடியுரிமைச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தந்தை பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று காட்ட முடியாத தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினர் எந்நாட்டவரும் அல்லாதோராயினர். தகரத் துண்டு எவருக்கும் பிறப்புச் சான்றிதழ் ஆகவில்லை. மன்னார்க் கரையிலே இறங்குவோரைக் 'கள்ளத்தோணி' எனத் தேடும் படைக்காவல் தோன்றியதும் இக்காலத்திலேயே. மன்னார் மீனவருக்கும் இராமேசுவரத்து மீனவருக்குமிடையே கொள்வினை கொடுப்பினை வழிவழியாக இருந்தது. நேற்றுவரை உறவினர் வீட்டுக்குச் செல்லும் வழியாக இருந்த கடல் குற்றம் நிகழும் இடமாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது எனவும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்வது எனவும் உடன்பாடாயிற்று. அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து இரு மாதம் நிறைவதற்குள், டிசெம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும்புயலொன்று பாக்கு நீரிணையைத் தாக்கியது. தனுஷ்கோடி நகரம் அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்றுகொண்டிருந்த பயணிகள் வண்டி கடல் அலைகளால் வாரிச் செல்லப்பட்டது. அதிற் சென்றோர் மாண்டனர். பாம்பன் பாலம் நாற்பத்தாறே நாட்களில் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடியோ மீளவில்லை. மக்களை அனுப்புவது என்று இரு அரசுகளும் முடிவுசெய்த அதே காலாண்டிலே, அவர்கள் இறங்க வேண்டிய துறை கடலுள் மறைந்தது.

அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடியது. 'இராமானுஜம்' என்னும் கப்பலின் பெயர் மலையக மக்களின் நினைவிலே இன்றும் உள்ளது. அட்டன், பதுளை, கண்டிப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டோர் புகையிரத நிலையங்களிலே உற்றாரைப் பிரிந்து, இரவெல்லாம் பயணம் செய்து, தலைமன்னாரில் விடிந்து எழுந்தனர். சுங்க அதிகாரிகளின் சோதனை முடிந்தபின் கப்பலேறினர். அக்கரையிலே அவர்களை எதிர்கொண்டது மண்டபம் முகாம். பாட்டன்மார் நோய்ச் சோதனைக்காகத் தங்கிய அதே முகாமிலே பேரர்கள் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடு தங்கினர். அவர்களிற் பலர் அதுவரை காணாத நாடு அது. நீலகிரியிலே தமிழ்நாட்டரசு 1968 முதல் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கிடைத்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர்.

1983 ஜூலை வன்செயலின் பின் நிலைமை முற்றாக மாறியது. 1984இல் கப்பற் சேவை நின்றது. அதன் விளைவு ஒன்று போதிய கவனம் பெறவில்லை. இந்தியக் கடவுச்சீட்டைக் கையிற் பெற்றுப் பயணத்துக்குக் காத்திருந்த பல்லாயிரவர் செல்ல வழியின்றித் தோட்டங்களிலேயே தங்கினர். 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் அவர்களையும் அவர்தம் பிள்ளைகளையும் இலங்கைக் குடிகளாக ஏற்க வழிசெய்தன. பிரதமர் இருவர் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் இவர்களை ஒரு நாட்டுக்கு உரியோராக்கிற்று. ஒரு கப்பல் நின்றுபோனதால் இவர்கள் மற்றொரு நாட்டுக்கு உரியோராயினர். குடியுரிமை பற்றி எழுதும் அறிஞர் சட்டங்களை ஆராயும் அளவுக்குக் கப்பல் நேரசூசிகளை ஆராய்வதில்லை.

பலாலியின் கதையும் இக்காலத்திலே துன்பக்கதையாயிற்று. 1978 செப்டெம்பர் 7ஆம் நாள், புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, பலாலியிலிருந்து சென்ற எயர் சிலோன் 'அவ்ரோ' விமானம் இரத்மலானையில் தரித்து நின்றபோது குண்டுவெடிப்பால் அழிந்தது. எயர் சிலோன் விரைவில் மூடப்பட்டு 1979இல் எயர் லங்கா தோன்றியது. தமிழகத்துக்கான வான்வழி அற்றது. போர் மூண்டபின் தளம் படைத்தளமாயிற்று. 1990இலே சூழவுள்ள ஊர்களின் மக்கள் வெளியேற, மயிலிட்டி முதலிய செழிப்பான ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. போருக்காகப் பிறந்த ஓடுபாதை போருக்கே திரும்பிற்று.

அதே 1990இல் தலைமன்னார் இருப்புப் பாதையும் போரினால் நின்றது. அவ்வாண்டிலே மன்னார்த் தீவிலிருந்து இரு திசைகளிலும் மக்கள் கடலில் இறங்கினர். தமிழர் பலர் படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தனர். ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் உடுத்த உடையோடு படகேறித் தெற்கே கற்பிட்டிக் கரையிற் சென்று இறங்கினர். ஒரு கரையின் மக்கள் ஓராண்டுக்குள் இவ்வாறு சிதறியமை, துறை மூடப்பட்டால் பெயர்வு நின்றுவிடும் என்று எண்ணுவோருக்குத் தக்க மறுமொழியாகும்.

குடாநாட்டுக்கான தரைவழி அடைபட்ட காலத்திலே பலாலி - இரத்மலானை விமானங்கள் பொதுமக்களுக்கு இன்றியமையாதன ஆயின. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் மன்னாருக்கு வடக்கேயுள்ள கடலில் வீழ்ந்தது. 48 பயணிகளும் 7 பணியாளரும் அதிலிருந்தனர். ஏவுகணையாற் சுட்டு வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படும் அவ்விமானத்தின் சிதைவுகள் போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே இரணைதீவுக்கு அண்மையில் கடலடியிற் காணப்பட்டன. பலாலியும் மன்னார்க் கடலும் வரலாற்றிலே நேரடியாகச் சந்தித்த இடம் அதுவே.

2009இல் போர் முடிந்தது. இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் மதவாச்சிப் பாதையை மீள அமைத்தது. 2015 மார்ச் 14ஆம் நாள் தலைமன்னார் இறங்குதுறை நிலையத்திலே இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொடியசைத்து வண்டியை அனுப்பினார். எதிர்க்கரையிலே இராமேசுவரம் பாதை 2007இலேயே அகலப் பாதையாக மாற்றப்பட்டிருந்தது. இரு கரைகளின் இருப்புப் பாதையும் ஒரே அகலம் பெற்றது வரலாற்றிலே இதுவே முதன்முறை. அகலம் ஒத்த வேளையிலே கப்பல் இல்லை! துறைமேடையின் இரும்புத் தூண்கள் துருவேறிக் கிடந்தன.

வான்வாயிலுக்கோ வேகமாக வாழ்வு வந்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்திறங்கியது. நவம்பரில் ஒழுங்கான சேவை தொடங்கியது. நோய்ப்பரவல் காரணமாக 2020 மார்ச்சில் அதுவும் நின்றது. மூன்றாவது முறையாக ஒரு கொள்ளைநோய், மன்னாரிலோ பலாலியிலோ, நீரிணையின் வாயிலைத் தீர்மானித்தது என்று கூறத் தோன்றுகின்றது. மண்டப முகாமையும் கணக்கிற் சேர்த்தால் இக்கூற்று மிகையன்று. கப்பற் சேவை 2023 ஒக்டோபரில் மீண்டபோது அது நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலேயே தொடங்கப்பட்டது. தலைமன்னார் பேச்சுவார்த்தைகளிலே இடம்பெறும் பெயராகவே நின்றது.

2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தது. அரிசி, பால்மா, எரிபொருள் யாவும் அரிதாயின. மார்ச் 22ஆம் நாள், மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்த பதினாறு பேர் இருவேறு படகுகளில் தமிழகக் கரையை அடைந்தனர். அவர்களுள் அறுவரைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணற்றிட்டொன்றில் இறக்கிவிட்டுச் சென்றனர். கைக்குழந்தையோடு அங்கு நின்றோரை இந்தியக் கடலோரக் காவற்படையினர் மீட்டனர். தொடர்ந்து வேறு குடும்பங்களும் சென்றன. அவர்கள் தங்க வைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம். பலாலியிலிருந்து சென்னைக்கான விமான சேவை அவ்வாண்டு டிசெம்பர் 12ஆம் நாள் மீண்டும் தொடங்கியது.